புள்ளியும் கனமும்

புத்தகம் என்றால் அது கையில் கனக்க வேண்டும். திறந்தால் மணக்க வேண்டும். மூடினால் ‘தொப்’பென்று ஓர் ஓசை எழ வேண்டும். இப்படி நம்பி வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். தாளும் மையும் இல்லாத ஒரு பலகையை மடியில் கிடத்திக்கொண்டு இரவு பதினொரு மணிவரை படிக்கப் போகிறாய் என்று பத்தாண்டுகளுக்கு முன் எவரேனும் சொல்லியிருந்தால் நகைத்திருப்பேன். ஆனால், சென்ற ஆண்டு என் மேசைமீது அத்தகைய பலகைகள் ஒன்றல்ல, இரண்டு கிடந்தன. அவை எப்படி வந்தன, எது நின்றது, எது போயிற்று என்பதைச் சொல்ல வேண்டுமானால், முதலில் வெள்ளத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

2021-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாளை ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் வாழ்ந்த எவரும் மறந்திருக்க முடியாது. ஓயாது பெய்த மழையில் தெருவுக்குள் நுழைந்த நீர், பொழுது சாயுமுன் வீட்டுக்குள் நுழைந்தது. எங்கள் வீடு மாடியில்லாத வீடு. கையில் அகப்பட்ட பத்திரங்களையும் மருந்துப் பையையும் எடுத்துக்கொண்டு நாங்கள் வெளியேறினோம். நீர் வடிந்து திரும்பியபோது, கூடத்து அலமாரி முகங்குப்புற விழுந்து கிடந்தது. புத்தகங்கள் ஊறிப் பருத்து, ஒன்றோடொன்று ஒட்டிச் சேற்றுக் கட்டிகளாய்க் கிடந்தன. மண்வெட்டியால் அள்ளித்தான் வாசலில் கொட்ட வேண்டியிருந்தது. தெரு முழுவதும் மெத்தைகளும் நாற்காலிகளும் குவிந்து கிடந்த அந்நாளில், ஒருவன் புத்தகங்களுக்காக நின்று கொண்டிருந்தால் அதைப் பெரிய துயரம் என்று யார் மதிப்பார்? நானும் வாய்திறந்து எவரிடமும் சொல்லவில்லை.

சொல்லாததற்கு வேறொரு காரணமும் உண்டு. அந்த அலமாரியில் பாதிக்குமேல் என்னுடையவை அல்ல. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எனக்குத் தமிழ் கற்பித்த விரிவுரைஞர், முதுமையில் ஈப்போவில் மகன் வீட்டுக்குக் குடிபெயர்ந்தபோது, இடமின்மையால் தம் நூல்களை என்னிடம் ஒப்படைத்தார். “கொடுத்துவிட்டேன் என்று நினைக்காதே தம்பி. வைத்திரு என்கிறேன்” என்பது அவர் சொன்ன சொல். அவற்றுள் தலையாயது தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகள். பெ. தூரன் முதன்மை ஆசிரியராய் இருந்து உருவாக்கிய அந்தப் பெரும்பணியை ஐயா வெறுமனே படித்தவர் அல்லர், திருத்தியவர். பென்சிலை ஊசிபோலச் சீவிக்கொண்டு, அச்சுப் பிழைகளைக் குறிப்பார். பழையனவாகிவிட்ட செய்திகளுக்கு ஓரத்தில் புதியவற்றை எழுதுவார். ஐயம் தோன்றிய இடத்தில் ஒரு வினாக்குறியும் தேதியும் இடுவார். நாற்பதாண்டு வாசிப்பு அந்த ஓரங்களில் இருந்தது. அதை நான் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டேன்.

தொலைபேசியில் பேசும்போதெல்லாம், பிள்ளைகளை விசாரித்த பிறகு, “புத்தகங்கள் நலமா?” என்று ஒரு கேள்வி கேட்பார். “நலம் ஐயா” என்பேன். மூன்றாண்டுகள் அப்படியே சொல்லி வந்தேன். மாணவர்களுக்கு வாய்மை குறித்துப் பாடம் நடத்தும் தலைமையாசிரியன் நான்.

இழந்த நூல்களை மீண்டும் தேடத் தொடங்கியபோது, பலவற்றின் பக்கங்களை வருடியெடுத்துத் தமிழ் இணையக் கல்விக்கழகம் தன் மின்னூலகத்தில் வைத்திருப்பதைக் கண்டேன். கலைக்களஞ்சியமும் அங்கிருந்தது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலிருந்து இலக்கியங்கள் எழுத்துவடிவில் கிடைத்தன. ஆகவே, நூல்கள் கிடைத்தன, படிப்பதுதான் பெரும்பாடாயிற்று. கைப்பேசியில் ஒரு வரியைப் பார்க்க வேண்டுமானால் விரலால் விரித்து, இடமும் வலமும் தள்ளி, அடுத்த வரியின் தலையைத் தேடிப் பிடிக்க வேண்டும். கணினித் திரையோ பகலெல்லாம் அலுவலகக் கோப்புகளைப் பார்த்துச் சலித்த கண்ணில் மீண்டும் ஒளியைப் பாய்ச்சியது. நாற்பதைக் கடந்த நாள் முதல் வெள்ளெழுத்து உள்ளவனுக்கு இவ்விரண்டும் தண்டனையே.

அப்போதுதான் மின்மைத் திரையைப் பற்றி இளைய ஆசிரியர் ஒருவர் எடுத்துரைத்தார். அதன் இயல்பு வியப்புக்குரியது. கண்ணுக்குப் புலனாகாத நுண்குமிழ்களுக்குள் வெண்துகள்களும் கருந்துகள்களும் மிதக்கின்றன. ஒன்று நேர்மின்னேற்றம் உடையது. மற்றது எதிர்மின்னேற்றம் உடையது. மின்னழுத்தத்தை மாற்றினால் வெண்மையோ கருமையோ மேலே வந்து நிற்கும். நின்றபின் மின்சாரம் வேண்டுவதில்லை. பக்கம் மாறும்போது மட்டுமே அது செலவாகும். நாம் காண்பது ஒளியன்று, தாளில் காண்பதுபோன்று திரும்பி வரும் வெளிச்சம். வெயிலில் வைத்தால் இன்னும் தெளியும். மசாசுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடத்திலிருந்து 1997-இல் பிறந்த நிறுவனம் ஒன்று இதனை வளர்த்தது. பத்தாண்டு கழித்து, 2007-இல் அமேசானின் ‘கிண்டில்’ வந்து இதை வீடுதோறும் கொண்டு சேர்த்தது.

முதலில் ஒருவரிடம் ஆறங்குலக் கருவியை இரவல் வாங்கிப் பார்த்தேன். ஆறங்குலம் என்பது மூலைவிட்ட அளவு. அளவுகோல் வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ 9 செண்டிமீட்டர் அகலம், 12 செண்டிமீட்டர் உயரம், அவ்வளவே. எழுத்தைப் பெரிதாக்கி ஓடவிடக்கூடிய மின்னூல்களுக்கு அது போதும். வருடிய பழம்பக்கத்துக்குப் போதாது. ஆங்கிலத்தைவிட நம் எழுத்து அகலத்தில் அதிக இடம் கேட்பது. ‘ணௌ’ என்று ஒரே ஓர் எழுத்தை எழுதிப் பாருங்கள், தெரியும். ஆகவே பெரிய திரைதான் வழி என்று முடிவு செய்து, கோலாலம்பூர் சென்று ‘கோபோ எலிப்சா 2ஈ’ என்னும் கருவியை வாங்கினேன். வாங்கிய மறு வாரம், வெளிநாட்டில் பணிபுரியும் மகள் விடுப்பில் வந்தாள். “அப்பாவுக்குப் புத்தகம் போனது எனக்குத் தெரியாதா?” என்று சொல்லிப் பெட்டியிலிருந்து எடுத்து நீட்டினாள்: ‘கிண்டில் ஸ்கிரைப்’. அவளும் நானும் ஒருவரையொருவர் கேட்காமல் வாங்கியதன் விளைவு அது. “என்னங்க, இது ஒன்றுக்குப் பாய் விரித்துத் தூங்க வைக்கவும், இன்னொன்றுக்குத் தாலாட்டுப் பாடவும் நேரம் இருக்குமா உங்களுக்கு?” என்று என் மனைவி கேட்டது நியாயமான கேள்வியே.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி ஒப்பிடத் தொடங்கினேன். வெளித்தோற்றத்தில் இரட்டையர். முன்னது 2023-இலும் பின்னது 2022-இலும் வெளிவந்தவை. திரையின் மூலைவிட்டம் ஒன்றில் 10.3 அங்குலம், மற்றொன்றில் 10.2 அங்குலம். இரண்டும் ஏறக்குறைய 15.7 செண்டிமீட்டர் அகலமும் 21 செண்டிமீட்டர் உயரமும் கொண்டவை. தமிழ்ப் பதிப்பகத்தார் ‘கிரவுன் 1/8’ என்று வழங்கும் அளவை நாமறிவோம்; நம் நாவல்களும் கட்டுரை நூல்களும் பெரும்பாலும் அந்த அளவில் வந்தவையே. அந்தப் பக்கம் இவ்விரு திரைகளிலும் அச்சிட்ட அளவிலேயே, ஏன், சிறிது பெரிதாகவே நிற்கிறது. விரலால் விரிக்க வேண்டியதில்லை, தள்ள வேண்டியதில்லை. பக்கம் பக்கமாக இருக்கிறது! இந்த இன்பத்தை அடைந்தவனுக்கே அதன் அருமை தெரியும். பழைய அச்சில் வரும் ‘லை’யும் ‘னை’யும் யானைத் துதிக்கையோடு அப்படியே நிற்பதைப் பார்த்தபோது, தமிழ்நாட்டரசு 1978-இல் ஆணையிட்ட எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய உலகம் கண்முன் வந்தது. நான் தொடக்கப்பள்ளியில் படித்தபோது, பாடநூலில் ஒரு வடிவமும் வீட்டிலிருந்த நூல்களில் இன்னொரு வடிவமுமாகத் தடுமாறியவன்.

ஆனால், கலைக்களஞ்சியம் அவ்வளவு எளிதாக மசியவில்லை. அது திரையைவிடப் பெரிய பக்கம், இரண்டு பத்தி, சிறிய எழுத்து. முழுப்பக்கத்தைத் திரைக்குள் அடக்கினால் எழுத்து மேலும் சுருங்குகிறது. இங்கேதான் இரட்டையர் வேறுபட்டனர். கோபோவின் திரையில் ஓர் அங்குல நீளத்துக்கு 227 புள்ளிகள், கிண்டிலில் 300. விளம்பரத்தில் படித்தபோது இதை நான் பொருட்படுத்தவில்லை. புள்ளிக் கணக்கு வணிகருக்கு என்று விட்டுவிட்டேன். ஆயினும், தமிழில் ஒரு புள்ளி என்பது அணியன்று, எழுத்தின் உயிர்நிலை. உயிர்மெய்க்கும் மெய்க்கும் உள்ள வேற்றுமை அந்தத் தலைப்புள்ளி ஒன்றே. 227-இல் சுருங்கிய பக்கத்தைப் பார்த்தபோது, சில இடங்களில் புள்ளி மேல்வரியோடு கலந்து மறைந்தது. சில இடங்களில் பழந்தாளின் தூசி புள்ளியாகி, இல்லாத ஒற்றை உண்டாக்கியது. 300-இல் தூசி தூசியாகவும் புள்ளி புள்ளியாகவும் தெரிந்தன.

மெய்யெழுத்துக்குப் புள்ளியைத் தொல்காப்பியர் விதித்தார். ஓலையில் எழுதியோரோ, எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்று அதனை விட்டுவிட்டனர். உ. வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் புள்ளியில்லாத சுவடிகளை வைத்துக்கொண்டு, எது ஒற்று, எது உயிர்மெய் என்று ஓசையாலும் பொருளாலும் துணிந்தே படித்தனர். அச்சு வந்த பிறகு நீங்கிய அந்தத் தொல்லை, மின்திரையில் மீண்டும் தலைகாட்டியது எனக்கு வேடிக்கையாகவும் இருந்தது. கருவியைப் படுக்கைவாட்டில் திருப்பி, அரைப்பக்கம் அரைப்பக்கமாகப் படித்தால் கோபோவிலும் இக்குறை பெரும்பாலும் நீங்கிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால், பக்கத்தின் மேல்பாதியையும் கீழ்பாதியையும் தனித்தனியே பார்க்கிறோம். முதற்பத்தியின் அடிக்குச் சென்று, மீண்டும் மேலேறி இரண்டாம் பத்தியைப் பிடிக்க வேண்டும். அகராதி பார்ப்பவனுக்கு இது இடையூறில்லை. தொடர்ந்து படிப்பவனுக்கு இடையூறே.

எழுத்துவடிவ மின்னூல்களில் இருவரும் நல்லவர்கள். கிண்டிலில் தமிழ் நூல்களின் விற்பனை 2016-ஆம் ஆண்டு முதலே நடைபெறுகிறது. கடையும் கருவியும் ஒன்றாக இருப்பதால் வாங்கிய நொடியில் படிக்கலாம். ஆனால், கடைக்காரரே காவலருமாய் இருப்பதன் மறுபக்கமும் உண்டு. வாங்கிய மின்னூலைக் கணினியில் இறக்கிக் கம்பிவடத்தால் கருவிக்கு மாற்றும் வசதியை அந்நிறுவனம் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. ஒருமுறை நூலகத்தையே வெள்ளத்துக்குப் பறிகொடுத்தவன், தன் நூல் தன் வீட்டில் ஒரு படியாக இருக்க வேண்டும் என்று விரும்புவது குற்றமா? கோபோவில் சாதாரண ஈபப் கோப்பையும் பிடிஎஃப் கோப்பையும் கணினியிலிருந்து நேரே போட்டுவிடலாம். விரும்பிய எழுத்துருவையும் அதற்குரிய அடைவில் நாமே இடலாம். கிண்டிலுக்கும் சொந்தக் கோப்புகளை அனுப்பலாம். எனினும், இணையவழி அனுப்புவதற்கு 200 மெகாபைட் என்று ஓர் எல்லை உண்டு. என்னிடமிருந்த ஒரு தொகுதி அதைத் தாண்டியதால் இரண்டாக வெட்டி அனுப்பினேன்.

இருட்டில் படிக்கும் விளக்கு இரண்டிலும் உண்டு. அதனை மஞ்சளாக்கிக்கொள்ளவும் முடியும். எழுதுகோலில் ஒரு வேறுபாடு. கிண்டிலின் கோலுக்கு மின்னேற்ற வேண்டியதில்லை. கோபோவின் கோலுக்கு ஏற்ற வேண்டும். எடை கிண்டிலில் 433 கிராம், கோபோவில் 390 கிராம். நாற்பத்து மூன்று கிராம்தானே, இதுவும் ஒரு வேறுபாடா என்று அந்த வரியை என் குறிப்பேட்டில் கோடிட்டு அடித்துவிட்டேன். முடிவு எழுதினேன்: நாள்தோறும் படிப்பதற்குக் கிண்டிலே சிறந்தது, காரணம், புள்ளி.

இம்முடிவோடு, மிகுதியாகிவிட்ட கோபோவை என்ன செய்வது என்ற எண்ணமும் எழுந்தது. மகள் தந்ததைக் கைவிட முடியாது. நான் வாங்கியதை ஐயாவிடம் கொடுக்கலாம். கொடுத்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டு மாதம் தள்ளிப் போட்டேன். பிறகு, பள்ளி விடுமுறையில் ஒருநாள் இரண்டு கருவிகளிலும் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதியை ஏற்றிக்கொண்டு ஈப்போ சென்றேன். இரண்டையும் ஏன் கொண்டுபோனேன் என்றால், புள்ளி விடாதவர் அவர். பயிற்சிக் கல்லூரியில் எங்கள் பாடக்குறிப்பில் ஒற்று மிகாத இடத்தில் மிகுந்தால் பக்கம் முழுவதையும் திரும்ப எழுதச் செய்தவர். அவர் மங்கிய திரையை ஏற்கமாட்டார். ஏற்காவிட்டால், மகளிடம் சொல்லிக்கொண்டு நல்லதையே கொடுத்துவிடுவது என்று நினைத்திருந்தேன்.

ஐயா சாய்வு நாற்காலியில் இருந்தார். எண்பதைக் கடந்த உடல் வற்றியிருந்தது. கைகள் இலேசாக நடுங்கின. கிண்டிலைக் கொடுத்தேன். தலைப்பைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வாய்விட்டுப் படித்தார். ஒரு பக்கம், இரண்டு பக்கம். பிறகு வாசிப்பதை நிறுத்திவிட்டு, ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது என் படி இல்லையே, தம்பி. ஓரம் காலியாக இருக்கிறதே.”

சொன்னேன். வெள்ளத்தையும், அலமாரியையும், மண்வெட்டியையும், மூன்றாண்டாகச் சொல்லி வந்த ‘நலம்’ என்ற சொல்லையும் சொன்னேன். அவர் குறுக்கிடவில்லை. அம்மா கொண்டுவந்து வைத்த தேநீர் ஆறிப்போயிற்று. நெடுநேரம் கழித்து, “நீங்கள் எல்லோரும் உயிரோடு வெளியே வந்துவிட்டீர்கள் அல்லவா?” என்று கேட்டார். அதற்குமேல் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. வைதிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாய் இருந்திருக்கும்.

பேச்சை மாற்றுவதற்காகவே இரண்டாவது கருவியை எடுத்தேன். குறையை மறைக்கவில்லை, இதில் புள்ளி சில இடங்களில் மங்கும் என்று காட்டினேன். அவர் வாங்கி மடியில் வைத்தார். தூக்கினார். மீண்டும் கிண்டிலைத் தூக்கினார். ஒரு கையில் ஒன்று, மறு கையில் ஒன்று என்று தராசுபோலப் பிடித்துப் பார்த்தார். கிண்டிலைப் பிடித்திருந்த கை சிறிது நேரத்தில் தாழ்ந்தது.

“இதுவே போதும்” என்று கோபோவைக் காட்டினார்.

“ஐயா, புள்ளி…”

“புள்ளி எங்கே வரும் என்று எனக்குத் தெரியும், தம்பி. அதை மனத்தில் வைத்துக்கொள்வேன். கனத்தை எங்கே வைப்பது?”

குறிப்பேட்டில் நான் கோடிட்டு அடித்த வரி அப்போது நினைவுக்கு வந்தது. மேசைமேல் சாய்த்து வைத்துப் படிப்பவனுக்கு நாற்பத்து மூன்று கிராம் ஒன்றுமில்லை. கையிலேந்திப் படிக்கும் முதியவருக்கு, அது ஒரு பக்கத்தோடு மூடிவிடுவதற்கும் பத்துப் பக்கம் படிப்பதற்கும் உள்ள தூரம். என் ஒப்பீட்டில் திரை இருந்தது, எழுத்து இருந்தது, கடை இருந்தது, கை இல்லை. உறையைக் கழற்றியே கொடுத்துவிட்டு வந்தேன், அதன் எடையும் குறையட்டும் என்று.

எழுதுகோலைக் காட்டியபோது அவர் நம்பவில்லை. திரையில் கோடு விழுந்ததும் சிறுபிள்ளைபோல் மறுபடியும் ஒரு கோடு போட்டுப் பார்த்தார். பிடிஎஃப் பக்கத்தின் மேல் எழுதியதை ஏற்றுமதி செய்து கணினிக்குக் கொண்டுவர இயலும் என்று அவருடைய பேரனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஐயாவுக்கு அந்தச் செய்தியில் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. அவர் அதற்குள் முதல் பக்கத்தில் எதையோ குறித்துக்கொண்டிருந்தார்.

அன்று முதல் மாதம் ஒருமுறையேனும் பேரனிடமிருந்து ஒரு கோப்பு எனக்கு வருகிறது. கிண்டிலில் ஏற்றிப் படிக்கிறேன். மங்கிய புள்ளிகள் இருந்த இடங்களிலெல்லாம் ஐயா தம் கையால் புள்ளி வைத்திருக்கிறார். கை நடுங்குவதால் சில புள்ளிகள் சுழியாகியிருக்கின்றன. சில பக்கத்து எழுத்தின் தலையில் போய் அமர்ந்துவிட்டன. ஓரங்களில் வினாக்குறிகளும் தேதிகளும் மீண்டும் தோன்றத் தொடங்கியுள்ளன. எழுத்து முன்போல் ஊசிமுனை அன்று. ஒரு வரி எழுத ஓரம் முழுவதும் வேண்டியிருக்கிறது. ‘லை’யை இன்னும் துதிக்கையோடுதான் எழுதுகிறார்.

சென்ற வாரம் வந்த கோப்பில், ஒரு கட்டுரையின் ஓரத்தில் இப்படி எழுதியிருந்தார்: “இங்கே பழைய படியில் ஒரு நீண்ட குறிப்பு எழுதியிருந்தேன். என்னவென்று எனக்கு மறந்துவிட்டது. நீ படித்திருப்பாயே, நினைவிருக்கிறதா?”

அந்தப் பக்கத்தை நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அப்படியே பதில் எழுதி அனுப்பியிருக்கிறேன். எழுதுகோலுக்கு மின்னேற்ற மறந்துவிட வேண்டாம் என்று பேரனுக்கும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.